எங்கள் வீட்டு வலியுல்லா

ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று வருஷம் ‘வலியுல்லா வீடு’ என்று பெயர் இருந்தது. இறைவனுக்கு நெருக்கமான ஒரு மகான் அங்கே வாழ்கிறார் என்று அர்த்தம். அந்தப் பெயரைக் கிளப்பிவிட்டவர் என் கணவரின் மூத்த அண்ணன் கமாலுதீன். மகான் என்று அவர் ஊருக்குக் காட்டியது தன் கூடப்பிறந்த தம்பி பஷீரை. பஷீர் மச்சானுக்கு இருந்தது நோய். அது அவர் மனைவி ரஹீமுன்னிசா அக்காவுக்குத் தெரிந்திருந்தது. மற்ற நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து அவள் வாயை அடைத்தோம். நான் ஜஹானாரா, அந்த வீட்டின் கடைசி மருமகள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை எங்களுடையது. கடை வாசலில் வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்து பேசுவது கமாலுதீனின் வேலை. வேறு வேலை எதுவும் அவர் செய்து நான் பார்த்ததில்லை. மரியாதைக்கு ‘பெரிய மச்சான்’ என்று கூப்பிட்டேன். இங்கே பெயர் போதும். உள்ளே உட்கார்ந்து கயிறு திரித்து, கப்பலுக்குப் போகிற கயிற்றுக்குத் தார் பூசியது பஷீர் மச்சான். என் கணவர் அமீருதீன் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். மீதி நேரத்தில் பெரிய அண்ணன் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டுவார்.

தொழுகைக்கு முன்னால் கை, கால், முகம் கழுவுவதை நாங்கள் ஒளு என்போம். தோலில் தார் ஒட்டியிருந்தால் தண்ணீர் தோலைத் தொடாது, அந்த ஒளு கூடாது, அதாவது செல்லாது. தார் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிது அல்ல. மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார்கள், சோப்புப் போட்டுக் கழுவுவார்கள், தொழப் போய்விடுவார்கள். பஷீர் மச்சானும் பதினைந்து வருஷம் அப்படித்தான் செய்தார்.

ஐம்பதாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில், பள்ளிவாசலில் பக்கத்தில் நின்றவர் விளையாட்டாக ஒரு வார்த்தை சொன்னார். “இன்னா பஷீர் பாய், நகத்துக்குள்ள கடையவே கொண்ணாந்துட்டீங்க போலகீதே.” அவ்வளவுதான். சொன்னவர் சிரித்துவிட்டுப் போனார். மச்சான் வீட்டுக்கு வந்து நகத்தைச் சுரண்டினார். மறுநாளும் சுரண்டினார். அன்றைக்குத் தொழுத தொழுகை கூடியதா இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் தொழுததும் கூடியதா என்று கேட்க ஆரம்பித்தார்.

ஒளு செய்கிற கால் மணி நேரம் அரை மணி ஆயிற்று. அரை மணி ஒரு மணி ஆயிற்று. ஒரு வருஷத்துக்குள் ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம் கொல்லைப்புறத் தொட்டியடியில் நின்றார். கழுவுவார், கையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், மறுபடி முதலிலிருந்து கழுவுவார். ஜமாஅத்துத் தொழுகை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும்போதுதான் இவர் வாசலைத் தாண்டுவார். தார் வேலையை விட்டாயிற்று, கையில் ஒரு புள்ளி தார் கிடையாது, ஆனாலும் நிற்கவில்லை. கூலிக்கு ஆள் வைத்துக் கயிற்றுக்குத் தார் பூசினார்கள்.

அந்தத் தொட்டியை நிரப்பியது நானும் ரஹீமுன்னிசா அக்காவும். விடிகிற நேரத்தில் தெருக்குழாயில் வரிசையில் நின்று குடம் குடமாகத் தூக்கி வருவோம். அந்த மனிதர் பத்து மணிக்குள் தொட்டியைக் காலி செய்துவிடுவார். தெருப் பெண்கள் எங்களை ஏசினார்கள். நான் மனசுக்குள் மச்சானை ஏசினேன். ஆண்களுக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. தண்ணீர் தானாகத் தொட்டியில் ஊறுகிறது என்று நினைத்திருப்பார்கள்.

வேறொரு வீடாக இருந்திருந்தால் இவருக்கு என்ன ஆயிற்று என்று ஒருவராவது யோசித்திருப்பார்கள். கமாலுதீன் இதை வைத்துப் பெருமை பேசினார். “எந் தம்பி மாதிரி பேணுதலா ஒளு செய்யறவன் ராயபுரத்துல எவன் கீறான் சொல்லு” என்று கடைக்கு வருகிறவர்களிடம் ஆரம்பித்தார். கேட்டவர்கள் வாய் பிளந்தார்கள். ஒருத்தி காய்ச்சல் அடித்த குழந்தையைத் தூக்கி வந்து ஓதி ஊதச் சொன்னாள். காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கியது. காய்ச்சல் அப்படித்தான் இறங்கும். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் கடை வாசலில் ஒரு ஜமுக்காளம் விரித்து மச்சானை உட்கார வைத்தார்கள். வந்தவர்கள் ஓதி ஊதச் சொல்லிவிட்டு, போகும்போது கயிறும் வாங்கிக்கொண்டு போனார்கள். வலியுல்லா கடைக் கயிறு அறுந்துபோனால் யாரும் வந்து கேட்பதில்லை.

ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தவரின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. தன் கை அசுத்தம் என்று நடுங்கிக்கொண்டிருந்த மனிதரிடம் பிள்ளைகளை நீட்டினார்கள். தன் சொந்த மகள் அஜீசாவை அவர் தொட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பிள்ளைக்கு அப்போது எட்டு வயசு. வாப்பா பக்கத்தில் போகக்கூடாது என்று தானாகவே ஒதுங்கி நடக்கக் கற்றுக்கொண்டிருந்தது.

ரஹீமுன்னிசா அக்கா ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு கமாலுதீனிடம் நேரே பேசினாள். அந்த வீட்டில் மருமகள்கள் அவரிடம் நேரே பேசுவதில்லை.

“அவரு பேணுதலா செய்யலீங்க. பயந்துகினு செய்யறாரு. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. சோத்துல கைய வெக்க மாட்டேங்குறாரு. ஒரு டாக்டராண்ட காட்டணும்.”

கமாலுதீன் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்: “ஒனக்கு இன்னா தெரியும் இத பத்தி? நீ சுபுஹு தொழுவறதே பாதி நாளு இல்ல. புருசன் அல்லாவுக்குப் பயந்தா ஒனக்குச் சீக்காத் தெரியுதா?”

என் கணவர் தலையை ஆட்டினார். நான் பாத்திரம் எடுக்கிற சாக்கில் அங்கே நின்றிருந்தேன், சிரித்தேன். அக்காவுக்கு விடியற்காலைத் தொழுகையான சுபுஹு தவறியதெல்லாம் அந்த நேரத்தில் தெருக்குழாயில் நின்றதால்தான். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சிரித்தேன். கமாலுதீன் முன்னால் நல்ல மருமகளாக இருப்பதில் எனக்கு அத்தனை ஆசை.

அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், துணி எடுக்கக் கொல்லைக்குப் போனேன். மச்சான் தொட்டியடியில் நின்றிருந்தார். விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது.

“ஜஹானாரா, இந்தக் கையில எதுனா கீதா, பாத்துச் சொல்லும்மா” என்றார்.

“ஒண்ணும் இல்ல மச்சான். சுத்தமாத்தான் கீது.”

“எனக்கும் தெரியுது, சுத்தமாத்தான் கீது. ஆனா வுட மாட்டேங்குது.”

அப்போது என் தலையில் ஒரு குடம் தண்ணீருக்கான எரிச்சல் மட்டும்தான் இருந்தது. “தெரிஞ்சா வுட வேண்டியதுதானே? தூக்கிக்கினு வர்றது நாங்க. ஒங்களுக்கு இன்னா?” என்றேன். அவர் மறுபடி தொட்டிப் பக்கம் திரும்பினார். நான் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவர் உதவி கேட்டது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். கேட்ட ஆள் நான்.

அடுத்த வாரம், பழைய தார்ப்பாய் வெளுக்கக் கடையில் வைத்திருந்த காஸ்டிக் சோடாக் காரத்தைக் கரைத்து அதில் இரண்டு கையையும் விட்டுவிட்டார். அலறல் கேட்டுக் கூலி ஆட்கள்தான் இழுத்து வெளியே போட்டார்கள். மணிக்கட்டு வரை வெந்துபோயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கட்டுப் போட்ட டாக்டர், “இது தவறிப் பட்ட காயம் மாதிரி இல்லையே” என்று கேட்டாராம். கமாலுதீன், “கொதிக்கிற எண்ண கொட்டிட்ச்சி” என்று சொல்லிவிட்டு வந்தார். தெருவிலும் அதையே சொன்னார். சொன்ன அடுத்த மூச்சில், வெள்ளிக்கிழமைக்குள் கட்டைப் பிரித்துவிடலாமா என்று என் கணவரிடம் கேட்டார்.

ரஹீமுன்னிசா அக்கா அன்று சாயந்திரமே சொல்லிவிட்டாள்: “நான் இவர மனசு டாக்டராண்ட இட்டுக்கினு போறேன்.”

மனசு டாக்டர் என்றால் அந்த வீட்டில் கீழ்ப்பாக்கம். கீழ்ப்பாக்கம் என்றால் பைத்தியம். கமாலுதீன் ஆடிப்போய்விட்டார். தம்பி கை வெந்தபோது ஆடாத மனிதர் அப்போது ஆடினார். அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்தை வீட்டுக்கு வரவழைத்தார்.

ஹஜ்ரத் வாணியம்பாடி மதரஸாவில் ஓதி முடித்துப் புதிதாக வந்தவர். முப்பது வயசுகூட இருக்காது. ‘மீசை மொளைக்காத பையன்’ என்று கமாலுதீன் முதுகுக்குப் பின்னால் சொல்லுவார். அன்றைக்கு நாற்காலி போட்டு, சர்பத் கொடுத்து, “பொம்பளைக்கு நாலு வார்த்த சொல்லுங்க ஹஜ்ரத்” என்றார். திரைக்குப் பின்னால் நாங்கள் நின்றோம்.

ஹஜ்ரத் சர்பத்தைத் தொடவில்லை. கட்டிலில் இருந்த பஷீர் மச்சானிடம் போய் உட்கார்ந்தார். ஒளு செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது, நடுவில் நிறுத்த முடிகிறதா, நிறுத்தினால் என்ன ஆகிறது என்று மெதுவாக ஒவ்வொன்றாகக் கேட்டார். மச்சான் சொல்லச் சொல்ல அழுதார். கையில் கட்டு, கண்ணைத் துடைக்க முடியவில்லை. ஹஜ்ரத்தே தன் துண்டால் துடைத்தார்.

பிறகு திரும்பி கமாலுதீனிடம் சொன்னார்: “மூணு தடவைக்கு மேல கழுவறதுல நன்மை இல்லீங்க. ஓடற ஆத்துல நின்னு ஒளு செஞ்சாலும் தண்ணிய வீணாக்காதேன்னுதான் நமக்குச் சொல்லியிருக்கு. இந்த மாதிரி விடாம வர்ற சந்தேகத்துக்கு நம்ம கிதாபுல வஸ்வாஸ்னு பேரே இருக்கு. இது பேணுதல் இல்ல, வேதனை. இவ்வளவு தூரம் போனதுக்கு டாக்டர்தான் பாக்கணும். இந்தம்மா சொல்றது சரி.”

கமாலுதீன் முகம் கறுத்தது. “ஹஜ்ரத்து ஊருக்குப் புதுசு. நாளைக்கு எம் பொண்ணுங்களுக்கு மாப்ள தேடணும். கீப்பாக்கம் போன வூடுன்னு பேரு வந்தா எவன் வருவான்?”

திரைக்குப் பின்னாலிருந்து ரஹீமுன்னிசா அக்காவின் குரல் கேட்டது. “எம் புருசன் கை வெந்துதான் ஒங்க பொண்ணுக்கு நிக்கா நடக்கணுமா?”

ஹஜ்ரத் எழுந்து மச்சானுக்கு மட்டும் சலாம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமே கமாலுதீன் அவரைப் பள்ளிவாசலிலிருந்து கிளப்ப ஒரு மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்துக் கேட்டார். ஏழு பேர் போட்டார்கள், அதில் முதல் கையெழுத்து என் கணவருடையது. பள்ளிவாசல் நிர்வாகிகள் மனுவைப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஹஜ்ரத் வந்துபோன மறு திங்கட்கிழமை காலையில் அக்கா ரிக்‌ஷா கூப்பிட்டாள். நான் புர்காவை மாட்டிக்கொண்டு கூடப் போனேன். “எங்க போற?” என்று என் கணவர் கேட்டார். “ஒங்க அண்ணனுக்குக் கட்டுப் பிரிக்கணும்” என்றேன். அவர் உடனே கமாலுதீன் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார், என்ன சொல்வதென்று. அவர் திரும்பிப் பார்த்த நேரத்தில் ரிக்‌ஷா கிளம்பிவிட்டது.

கட்டுப் பிரித்த டாக்டரிடம் அக்கா மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு சீட்டு எழுதி, அதே ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இரண்டு நாள் உட்காருகிற மனசு டாக்டர் தாமோதரனிடம் அனுப்பினார். தாமோதரன் தடித்த கண்ணாடியும் கசங்கின கோட்டுமாக இருந்தார். அதிகம் சிரிக்கிறவர் இல்லை.

“கழுவி முடிச்சதும் சுத்தமாயிடுச்சுன்னு தெரியுதா?” என்று கேட்டார்.

“தெரியுதுங்க. ரெண்டு நிமிசம். அப்பால உள்ள ஒண்ணு, ‘ஆவலன்னா?’ன்னு கேக்குது” என்றார் மச்சான்.

“கழுவாம இருந்தா?”

“நெஞ்சு அட்ச்சிக்குது. எங் கையால எம் பொண்ணுக்கு எதுனா ஆயிடும்னு தோணுது. அதான் அத தொடறதில்ல.”

“வேணும்னு யோசிச்சு வர்ற எண்ணமா அது?”

“இல்லீங்க. வேணாம்னாலும் வருது. நானே கேவலமா நெனைக்கிறேன். பைத்தியமாங்க நான்?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “இல்ல. நீங்க சொல்றதெல்லாம் தெளிவாச் சொல்றீங்க. கை சுத்தம்னு உங்களுக்குத் தெரியுது, மனசு அதை ஏத்துக்க மாட்டேங்குது. அது ஒரு நோய். தொழறதால வந்தது இல்ல. பூஜை பண்றவங்களுக்கும் வருது, ஒண்ணும் பண்ணாதவங்களுக்கும் வருது. போன வாரம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். பூட்டின கதவைப் பாக்கத் தெருக்கோடியிலேர்ந்து இருபது தடவை திரும்பி வரார். வெளியில யாரும் சொல்லிக்கறதில்ல, அதனால அவங்கவங்க தனக்கு மட்டும்தான்னு நினைச்சுக்கறாங்க.”

ரஹீமுன்னிசா அக்கா கேட்டாள்: “நான் எப்ப இட்டாந்திருக்கணுங்க?”

“தினம் ஒரு மணி நேரத்தை இது தின்ன ஆரம்பிச்சப்பவே. வேலையை விட்டப்ப. தூக்கம் போனப்ப. மகளைத் தொடாம ஒதுங்கினப்ப. கையில கட்டுப் போடற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லம்மா.”

“அதெல்லாம் ஆயி ரெண்டு வருசம் ஆவுதுங்க” என்றாள் அக்கா. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒரே கொல்லையில் ரெண்டு வருஷம் தண்ணீர் ஊற்றியவள் நான்.

உள்ளே வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்றார் டாக்டர். தூங்க மாத்திரை கொடுத்தார். மற்றது வீட்டில் செய்ய வேண்டிய வேலை: மூன்று தடவை கழுவ வேண்டும், நிறுத்த வேண்டும், பயம் வந்தால் அதோடு உட்கார வேண்டும், கழுவப் போகக்கூடாது. ‘சுத்தமா இருக்கா பார்’ என்று கேட்டால் வீட்டில் யாரும் பதில் சொல்லக்கூடாது. “முழுசாப் போயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். குறையும்” என்றார். அந்தச் சீட்டை அக்கா ஹஜ்ரத்திடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் அதன் கீழேயே எழுதிக் கொடுத்தார்: மூன்று தடவையோடு ஒளு கூடிவிட்டது, அதில் குறை இருந்தால் மறுமையில் கேள்வி என்னிடம்.

புண் ஆறி முதல் தடவை நிறுத்திய நாளில், மச்சான் கொல்லைப்படியில் ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் வேர்த்து நடுங்கியது. “ஒரு தபா, ஒரே ஒரு தபா” என்று கெஞ்சினார். அக்கா அழுதுகொண்டே தொட்டிக்கு முன்னால் நின்றாள், வழி விடவில்லை. மறுநாள் ஒன்றரை மணி. அப்புறம் ஒரு மணி. ஒரு வாரம் நன்றாக இருக்கும். அடுத்த வாரம் பழையபடி நாலு மணி நேரம் நின்றுவிடுவார். டாக்டர் அதற்குத் திட்டவில்லை, மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார்.

கமாலுதீனால் இதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஜமுக்காளம் காலியாகக் கிடந்தது. “டாக்டரு எந் தம்பியோட அந்தஸ்த கெடுத்துட்டான்” என்று கடை வாசலில் உட்கார்ந்து வருத்தப்பட்டார். படியில் உட்கார்ந்து நடுங்குகிற தம்பியைக் கடந்து போகும்போது, “ஒளு செய்யறதுக்கே சோம்பேறித்தனம்” என்று அவர் காதில் விழும்படி சொன்னார். அதைக் கேட்ட அன்று மச்சான் ஐந்து மணி நேரம் கழுவினார். அந்த மாதக் கடைசியில் ரஹீமுன்னிசா அக்கா தண்டையார்பேட்டையில் ஒற்றை அறை ஒன்று பிடித்து, புருஷனையும் மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எட்டு மாதம் கழித்து நானும் என் கணவரும் அங்கே போனோம். கமாலுதீனும் வந்தார், அழைப்பு இல்லாமல்தான் வந்தார். மச்சான் திருவொற்றியூர்த் தீப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிற பிரிவில் சேர்ந்திருந்தார். விரலில் பசை ஒட்டுகிற வேலை. அவசரப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னாராம். இவர் கேட்கவில்லை. “பயந்துகினு எத்தினி வேலைய வுடறது?” என்றார் என்னிடம். ஒளுவுக்குப் பத்து நிமிஷம் ஆகிறது, சில நாள் அரை மணி ஆகிவிடுகிறது, நோன்பு மாதத்தில் ரொம்ப சிரமப்பட்டேன் என்று சாதாரணமாகச் சொன்னார். அஜீசா அவர் முதுகில் சாய்ந்துகொண்டு பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

கமாலுதீன் டீயைக் குடித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். “ஜனங்க இன்னும் கேட்டுக்கினேதான் கீறாங்கப்பா. வெள்ளிக்கெழம மட்டும் வந்து கொஞ்ச நேரம் குந்திட்டுப் போ. ஒண்ணும் செய்ய வேணாம். கைய வெச்சா போதும்.”

பஷீர் மச்சான் அவரை நிதானமாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தெருவில் கிடக்கிற எதையோ தாண்டிப் போகும்போது பார்க்கிற பார்வை.

“கயிறு வித்துப் போவலன்னா நல்ல கயிறா திரிச்சு வையிங்கண்ணே” என்றார். “ஒங்களுக்கு ரெண்டு கை கீதுல்ல.”

கமாலுதீன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அக்கா டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள், யாரையும் இருக்கச் சொல்லவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது என் கணவர், “என்ன இருந்தாலும் பெரிய அண்ணன அப்படிப் பேசியிருக்க வேணாம்” என்றார். கமாலுதீன் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்பதற்காகத்தான் என் கணவர் சொன்னார். பஸ் வந்தது. அண்ணனும் தம்பியும் ஏறி ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். பக்கத்துச் சீட்டில் எனக்கு இடம் பிடித்து என் கணவர் கையைக் காட்டினார். நான் முன்னால் போய், கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.